ஒட்டிய பக்கத்துக்குள் என்ன இருந்தது?

இந்தச் சிறுவர் வாசிப்பறையின் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கி, மூன்று பேரின் பேச்சை முகம் சுளிக்காமல் கேட்டுவிட்டு, நான்காவதாக என்னையும் பொறுத்துக்கொள்ளத் துணிந்திருக்கும் தலைவர் அவர்களே. அலமாரியில் உள்ள ஒவ்வொரு புத்தகத்தையும் தம் கையால் துடைத்து அடுக்கிய நூலகர் அம்மா அவர்களே. நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே அழகாகச் சொல்லிவிட்ட அருமை நண்பர்களே. முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே. மடியில் ஒன்றும் கைப்பிடியில் ஒன்றுமாக வந்திருக்கும் தாய்மார்களே. சுவரோரம் சாய்ந்து நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்க்கும் தந்தைமார்களே. நாற்காலிகளுக்கு அடியில் நகர்வலம் வரும் என் சின்னஞ்சிறு செல்வங்களே! ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும்.

மேடை ஏறும்போது என் கையில் ஒரு துண்டுச் சீட்டு வந்து சேர்ந்தது. எழுதியவர் பெயர் இல்லை. எழுத்தைப் பார்த்தால் அவசரமான ஒரு தகப்பனார் என்று தெரிகிறது. ‘எந்த வயதுக்கு எந்தப் புத்தகம் என்று ஒரு பட்டியல் கொடுத்துவிட்டால் நாங்கள் வீட்டுக்குப் போவோம்.’

சிரிக்காதீர்கள் ஐயா, நியாயமான கேள்வி அது. மருந்துச் சீசாவில் வயது போட்டிருக்கிறது, செருப்பில் அளவு போட்டிருக்கிறது, புத்தகத்தில் மட்டும் ஏன் போடக்கூடாது? போட்டிருக்கிறார்களே! பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து முதல் எட்டு. ஒன்பது முதல் பன்னிரண்டு. பதின்மூன்றுக்கு மேல். தடுமாறி நிற்கிறவருக்கு அது ஒரு கைப்பிடி. பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதையே படிக்கட்டு என்று நினைத்துக் காலை வைத்துவிடாதீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு தையல்காரர் இருக்கிறார். அவருடைய மகளுக்குப் பதினைந்து வயது. அவள் கொண்டுவந்த நாவலில் ஒரு பெண் தன் உடம்பையே வெறுத்துச் சாப்பாட்டை ஒதுக்குகிறாள். தையல்காரர் அதை மெஷின் பலகையில் விரித்து வைத்து, பொத்தான் தைக்கும் இடைவெளிகளில் முழுவதையும் படித்தார். படித்துவிட்டு மகளிடம் சொன்னார்: “போன மாசந்தான் நீயே ரெண்டு வேளை பட்டினி கிடந்த. இந்தப் பொண்ணு இப்ப உனக்கு நல்ல சேர்க்கையில்ல. ஆறு மாசம் போகட்டும், நானே எடுத்துத் தர்றேன்.” மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “நீங்க எந்தப் பக்கம் வரைக்கும் படிச்சீங்க?” என்று கேட்டாள். அவர் கடைசிப் பக்கத்தில் நடப்பதைச் சொன்னார். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் புத்தகத்தைப் பற்றி அப்பாவும் மகளும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அவர் என்னிடம் சொன்னது இது: “வயசக் கேட்டுத் துணி வெட்டினா பாதிப் பேருக்குப் பத்தாது டீச்சர். ஆளை நிக்க வச்சு அளவெடுக்கணும்.”

அவர் புத்தகத்தைத் தள்ளிவைத்தார். ஆனால் தள்ளிவைக்கிறேன் என்று சொல்லித் தள்ளிவைத்தார். ஏன் என்று சொல்லித் தள்ளிவைத்தார். எப்போது தருவேன் என்று சொல்லித் தள்ளிவைத்தார். எனக்கு அந்த அறிவு அப்போது இல்லை.

எப்போது? அதைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பயமான கதை. சின்னவர்களை வெளியே அனுப்பிவிடலாமா என்று அங்கே ஓர் அம்மா எழுந்திருக்கிறார். அம்மா, அனுப்ப வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பயந்தால் உங்கள் கையைப் பிடிக்கும். கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். என் பேச்சு முழுவதும் அவ்வளவுதான். மீதி எல்லாம் எடுத்துக்காட்டு.

நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு நூலகம் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, சாய்வான கூரையோடு, நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் ஓர் அறை. புத்தகங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றவைதானா என்று பார்க்க ஒரு குழு அமைத்தார்கள். ஓவிய ஆசிரியர், பெற்றோர் சங்கத்தில் இருந்த ஒரு மருந்துக்கடைக்காரர், நூலகப் பொறுப்பாளர், நான். தலைவி நான்தான்.

ஒரு தாளில் கட்டம் போட்டோம். ரத்தம் உண்டா? சாவு உண்டா? பேய் உண்டா? காதல் உண்டா? கெட்ட வார்த்தை உண்டா? ஆஸ்பத்திரி உண்டா? கடைசிக் கட்டம் மருந்துக்கடைக்காரர் கேட்டுச் சேர்த்தது. “நாள் முழுக்க நோயாளிங்க முகத்தையே பாக்கறேன். புள்ளைங்களாவது அதப் பாக்காம இருக்கட்டுமே” என்றார். மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

ஒரு புத்தகத்தில் எல்லாம் நன்றாக இருந்து, இரண்டு பக்கம் மட்டும் கட்டத்தில் மாட்டினால் என்ன செய்வது? தூக்கி எறிய மனம் வருமா? கிழிக்கக் கை வருமா? ஆசிரியை அல்லவா நான்? ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டில் மாவைக் கரைத்துக் காய்ச்சி, கிண்ணத்தில் பசை கொண்டுவந்தேன். எதிரெதிரே இருக்கும் அந்த இரண்டு பக்கங்களிலும் பசையைத் தடவினேன். புத்தகத்தை மூடினேன். மேலே ஒரு கல்லை வைத்தேன். மறுநாள் அந்த இரண்டு பக்கமும் ஒரே கெட்டித் தாளாகியிருந்தது. புத்தகமும் பிழைத்தது, பிள்ளையும் பிழைத்தது என்று பெருமைப்பட்டேன். பிள்ளைகள் எனக்குப் பெயர் வைத்தார்கள்: பசை டீச்சர்.

நூலகப் பொறுப்பாளர் மட்டும் தயங்கினார். அவர் அதிகம் பேசாத மனிதர். “ஒட்டினா புள்ளைங்க அதத்தான் மொதல்ல தேடும் டீச்சர்” என்றார். தேடினால் என்ன, திறக்க முடியாதே என்றேன்.

திறக்க முடியவில்லை. உண்மைதான். ஆனால் தாய்மார்களே, மூடிய கதவுக்கு முன்னால் பிள்ளைகள் என்ன செய்யும்?

முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஜன்னலோரம் நாலைந்து தலைகள் கூடி, அந்தக் கெட்டித் தாளைச் சூரியனுக்கு நேரே தூக்கின. இரண்டு பக்க எழுத்தும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, ஒன்று நேராகவும் ஒன்று கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியும், எந்த மொழியிலும் இல்லாத ஓர் எழுத்து தெரிந்தது. அதை அவர்கள் நோட்டில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டார்கள். பிறகு காதை வைத்துக் கேட்டார்கள். தாளுக்குள் சத்தம் கேட்கிறது என்றான் ஒருவன். பசை காய்ந்து உரியும் சத்தம் அது. ஆனால் அவனுக்கு யார் சொல்வது? இரண்டாம் வகுப்பில் ஒரு பையன், ஒட்டுப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனால் நூலால் கட்டித்தான் வைப்பான். ஏன் என்று கேட்டதற்கு, “அதுக்கு வெளிய வரத் தெரியாது. ஆனா கத்துக்கிட்டே இருக்கும்” என்றான்.

எனக்கு அப்போது அது சிரிப்பாக இருந்தது.

போன வருடம் பேருந்தில் நடத்துநர் ஒருவர் என்னிடம் சீட்டுக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றார். என் பழைய மாணவர். தலை நரைத்திருந்தது. குசலம் விசாரித்தார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு புத்தகத்தின் அட்டையை வர்ணித்தார். அதில் ஒட்டியிருந்த பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டார். முப்பது வருடம் கழித்து! நான் யோசித்தேன். யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவே இல்லை. அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

“எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு டீச்சர்” என்றார். “ஆனா அந்தப் பக்கத்த நான் பாத்ததே இல்ல.”

என்ன நினைவிருக்கிறது என்று நான் கேட்டேன். அவர் விசில் அடித்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

பார்த்ததற்கு ஓர் அளவு உண்டு. பாராததற்கு அளவு உண்டா? படித்த பயத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. படிக்காத பயத்துக்குக் கடைசிப் பக்கம் எங்கே? சொல்லுங்கள், எங்கே?

சரி, கதைக்கு வருகிறேன்.

என் வகுப்பில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இருந்தாள். உருவத்தில் மிகச் சிறியவள் என்பதால் எல்லோரும் கடுகு என்றே கூப்பிட்டார்கள். அப்பா லாரி பழுது பார்க்கிறவர். அம்மாவுக்குப் பேருந்து நிலையத்தில் வேலை: கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நேரத்தில் எந்த மேடையிலிருந்து புறப்படும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது. என்ன குரல் அது! கணீரென்று, ஒரு சொல் மேல் இன்னொரு சொல் படாமல் வரும். நிலையத்தைச் சுற்றி நாலு தெருவுக்கும் கேட்கும். கடுகு வகுப்பில் இருக்கும்போது, காற்று இந்தப் பக்கம் அடித்தால், ‘எங்கம்மா’ என்று விரலை உயர்த்துவாள். மற்றப் பிள்ளைகளுக்கு அம்மா வீட்டில் இருப்பார். இவளுக்கு மட்டும் அம்மா ஊர் முழுக்க இருந்தார்.

அந்த வருடம் அம்மாவின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சைக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். நாற்பது நாள். பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று அப்பா ஒரு முடிவு எடுத்தார். நம்மில் பாதிப் பேர் எடுத்திருக்கக்கூடிய முடிவுதான். “அம்மா வேலையா வெளியூர் போயிருக்கா, வந்துடுவா” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

இதற்கிடையே பேருந்து நிலையத்தில் அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. நேரக் காப்பாளர், அம்மாவின் குரலை முன்பே நாடாவில் பதிந்து வைத்திருந்தார். அதை ஓட விட்டார். நாற்பது நாளும் அந்தக் கணீர்க் குரல் தினமும் ஒலித்தது: ‘பயணிகள் கவனத்துக்கு. ஆற்றுப்பாலம் வழியாகச் செல்லும் வண்டி, நான்காவது மேடையிலிருந்து, நான்கு நாற்பதுக்குப் புறப்படும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும்.’

அப்புறம் ஒரு நாள் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தார். மெலிந்த முகம். கழுத்தைச் சுற்றி ஒரு துணி. வாயைத் திறந்தால் மரத்தை ராவுகிற மாதிரி ஒரு கரகரப்பு. அந்தக் கரகரப்பு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, தெருக்கோடியிலிருந்து, காற்றில் மிதந்து, பழைய குரல் நான்காவது மேடையை அறிவித்துக்கொண்டிருந்தது.

பெரியோர்களே, ஒரே நேரத்தில் இரண்டு அம்மா. நினைத்துப் பாருங்கள்.

அந்த வாரம்தான் கடுகு நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தாள். பச்சை நிற அட்டை. அட்டையில் ஒரு வீடு, ஒரு ஜன்னல், ஜன்னலில் யாரோ. பின்பக்கத்தில் ‘ஐந்து முதல் எட்டு வயது வரை’. என் கையொப்பமும் உண்டு. ஏன் அதை எடுத்தாள்? தன் வீட்டைப் போலவே ஒரு வீடு அதில் இருந்தது. முதல் பக்கத்தில் ஓர் அம்மா பெட்டியோடு வெளியே போகிறார். பதினேழாம் பக்கத்தில், அம்மாவின் உடையைப் போட்டுக்கொண்டு ஒருத்தி வருகிறாள். முகம் வேறாக இருக்கிறது. பேச்சு வேறாக இருக்கிறது. ‘நீ யார்?’ என்று கேட்கிறது பிள்ளை.

பக்கத்தைப் புரட்டினால், கெட்டித் தாள். பதினெட்டும் பத்தொன்பதும் ஒட்டியிருக்கின்றன. அதைத் தாண்டினால் இருபது: ‘அதன் பிறகு பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கினார்கள்.’ முற்றும்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் அம்மாவைப் பிள்ளைக்கு அடையாளம் காட்டவென்றே எழுதப்பட்ட புத்தகம் அது! அடையாளம் காட்டும் இடம்தான் அந்த இரண்டு பக்கம். கட்டில், குழாய், வெள்ளை உடுப்பு என்று நான் படத்தைப் பார்த்தேன். எழுத்தைப் படித்தேனா? இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டத்தில் ஒரு குறி போட்டேன். பசைக் கிண்ணத்தை எடுத்தேன். ஆறுதல் கதை ஒன்றின் நெஞ்சை மூடிவிட்டு, மிச்சத்தை ஏழு வயதுக் குழந்தையின் கையில் கொடுத்தேன். ரத்தம் இல்லை, சாவு இல்லை, பேய் இல்லை. அந்தப் புத்தகத்தைப் பேய்க் கதையாக்கியது நான்.

நான் ஒட்டியது இரண்டு பக்கம். அந்த வீட்டில் ஒட்டியது நாற்பது நாள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்?

அவள் அழவில்லை. அடம் பிடிக்கவில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. வகுப்பில் முன்னைவிட ஒழுங்காக இருந்தாள். நானே பாராட்டினேன். வீட்டில் நடந்ததைப் பின்னால் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் ‘நீ, வா, போ’ என்று இழைந்த பிள்ளை, விருந்தாளியிடம் பேசுவது போல் ‘நீங்க, வாங்க’ என்றாள். அம்மா இருக்கும் அறையில் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டே நகர்ந்தாள். ஒரு மத்தியானம் அம்மாவின் பழைய செருப்பை எடுத்துவந்து முன்னால் வைத்து, போட்டுப் பாருங்கள் என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே போட்டார். சரியாக இருந்தது. பிள்ளை அதற்கும் ஓர் அடி பின்னால் போனது.

‘பெரிய மனுஷி மாதிரி மரியாதை வந்துடுச்சு பாரு’ என்று அப்பா பெருமைப்பட்டாராம்.

ஒரு நாள் பள்ளி விட்டதும் நான் வண்டிக்காகப் பேருந்து நிலையத்தில் நின்றேன். நல்ல வெயில். கூட்டம், புகை, பழக்கடைச் சத்தம், எல்லாம் வழக்கம் போல. நான்காவது மேடையின் ஓரத்தில் ஒலிபெருக்கிக் கம்பம். கம்பத்தின் அடியில், தலையை அண்ணாந்து, மேலே இருக்கும் கூம்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள் கடுகு. பேசுவாள். நிறுத்துவாள். காதைக் கொடுப்பாள். தலையாட்டுவாள். மறுபடியும் பேசுவாள். நான் பின்னால் போய் நின்றேன்.

“... புத்தகத்துல இருக்கிற மாதிரியே வந்துட்டாங்கம்மா. உன் புடவையத்தான் கட்டறாங்க. அப்பாவுக்குத் தெரியல. நான் சொல்லல.”

ஒலிபெருக்கி கொரகொரத்தது. கணீரென்று வந்தது குரல்: ‘பயணிகள் கவனத்துக்கு...’

அந்தக் குரல் சரியாக அவள் நிறுத்திய இடத்தில் பேசியது. அவள் கேட்டாள். புன்னகை செய்தாள். ‘சரிம்மா’ என்றாள்.

கடுகு, யாரோடு பேசுகிறாய் என்றேன். அவள் திடுக்கிடவில்லை.

“அம்மாகிட்ட டீச்சர். தினமும் ஒரே வண்டியத்தான் சொல்றாங்க. நாலாவது மேடை, நாலு நாப்பது. அதுல ஏறி வரச் சொல்றாங்க. அப்பதான் அவங்க இருக்கிற எடத்துக்கு வர முடியும்.”

தோள்பையைப் பார்த்தேன். உப்பியிருந்தது. வாங்கித் திறந்தேன். புத்தகம் நோட்டு ஒன்றும் இல்லை. இரண்டு சட்டை, ஒரு சீப்பு, பச்சை அட்டைப் புத்தகம். நிலையக் கடிகாரத்தில் நாலு முப்பத்தெட்டு. வண்டி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. என்னைப் பார்க்காமலேயே அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள்.

பிடித்தேன் தாய்மார்களே. கையைப் பிடித்தேன். இரண்டு நிமிடம் கழித்து நான் அங்கே வந்திருந்தால்? பழக்கடையில் பேரம் பேசிக்கொண்டு நின்றிருந்தால்? ஆற்றுப்பாலம் தாண்டி எந்த ஊரில், எந்தக் கம்பத்தின் கீழே, எந்தக் குரலைத் தேடி நின்றிருக்கும் அந்தக் குழந்தை? கட்டம் போட்டுக் காப்பாற்றினேனே, அந்தக் குழந்தை!

கையை விடாமல் வீட்டுக்கு நடத்திப் போனேன். அம்மா கதவைத் திறந்தார். பிள்ளை என் சேலைக்குப் பின்னால் போனாள். தன் வீட்டு வாசலில், தன் அம்மாவுக்குப் பயந்து, என் சேலைக்குப் பின்னால்! நான் பையையும் புத்தகத்தையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா வந்தார், கையில் எண்ணெய்க் கறை. பிள்ளை பயப்படுமென்றுதானே சொல்லாமல் விட்டேன், அது பச்சைக் குழந்தை, அதற்கு என்ன புரியும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா ஒன்றுதான் கேட்டார்.

“அந்த ஒட்டின பக்கத்துல என்ன போட்டிருக்கு டீச்சர்?”

சொல்லத் தெரியவில்லை எனக்கு. திறந்து பார்ப்போம் என்றேன். அடுப்பில் தண்ணீர் வைத்தோம். ஆவியில் அந்தக் கெட்டித் தாளைக் காட்டினோம். நால்வரும் அடுப்பைச் சுற்றி. ஓரம் மெல்ல விட்டது. நான் விரலால் பிரித்தேன். உள்ளே பசை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது போல் பிடித்திருந்தது. இழுத்தேன். சர்ரென்று பிரிந்தது.

இடப்பக்கத்தில் கட்டிலில் ஓர் அம்மா. வலப்பக்கத்தில் ஒரு பிள்ளை. எத்தனையோ வருடம் அந்த இருளுக்குள் இருவரின் முகமும் ஒன்றோடொன்று அழுந்திக் கிடந்திருக்கின்றன. பிரித்தபோது தாள் உரிந்தது. அம்மாவின் முகம் இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு. உரிந்த அந்தத் தாள் பிள்ளையின் முகத்தில் அப்பியிருந்தது. இருவருக்கும் முகம் இல்லை. முகமில்லாத ஓர் அம்மாவும் முகமில்லாத ஒரு பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

இதை வேறு காட்டிவிட்டேனே என்று நான் மூடப் போனேன். பழக்கதோஷம், பாருங்கள்! கடுகு என் கையைத் தள்ளினாள். படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி தப்பியிருந்தது. விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்: ‘நான்தான். உனக்கு என்ன வேண்டுமோ கேள்.’

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள். கேட்டாள்.

“கழுத்துல என்ன?”

அப்பா ஏதோ சொல்ல வந்தார். அம்மா கையமர்த்திவிட்டுத் துணியை அவிழ்த்தார். சிவந்த கோடு ஒன்று, காதிலிருந்து காதுக்கு வருவது போல். பிள்ளை நிமிர்ந்து நின்று பார்த்தாள். கண்ணை மூடவில்லை.

“இத ஒட்டி வச்சது யாரு?”

“டாக்டர்.”

“உள்ள என்ன இருந்துச்சு?”

“ஒரு கட்டி. கோலி அளவு. எடுத்துட்டாங்க. எடுக்கும்போது குரலும் கொஞ்சம் அதோட போயிடுச்சு.”

“வலிச்சுதா?”

“வலிச்சுது. உன்னைத் தேடிச்சு. அழுதேன்.”

பிறகு பிள்ளை இதைக் கேட்டாள்.

“அப்ப ஸ்டாண்டுல பேசறது யாரு?”

“அது போன வருஷத்து நான்.”

“நீங்க இங்க வந்துட்டது அவங்களுக்குத் தெரியுமா?”

எந்தப் பட்டியலில் இருக்கிறது ஐயா இந்தக் கேள்வி? ஐந்து முதல் எட்டா? ஒன்பது முதல் பன்னிரண்டா? எந்த அட்டையில் இதற்கு வயது அச்சடித்திருக்கிறது?

“நாளைக்குப் போய்ச் சொல்லிடலாம்” என்றார் அம்மா.

மறுநாள் சாயங்காலம் அம்மா நிலையத்துக் கண்ணாடி அறைக்குப் பிள்ளையை அழைத்துப் போனார். நானும் போனேன். நேரக் காப்பாளர் சாவியைக் கொடுத்தார். உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், யாரும் உட்காராத ஒரு நாற்காலி. மேசை மேல் ஒரு கருவி. அதில் நாடா சுற்றிக்கொண்டிருந்தது. அறையில் ஆள் இல்லை, குரல் மட்டும் இருந்தது. பிள்ளை மேசைக்கு அடியில் பார்த்தாள். கருவிக்குப் பின்னால் பார்த்தாள். அம்மா அவள் விரலைப் பிடித்து ஒரு பொத்தானைக் காட்டினார். பிள்ளை அழுத்தினாள்.

‘ஆற்றுப்பாலம் வழியாகச் செல்லும் வ—’

நின்றது. நிலையம் முழுவதும் ஒரு கணம் செத்த அமைதி. வெளியே ஆட்கள் அண்ணாந்து பார்ப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அம்மா உட்கார்ந்தார். மைக்கை இழுத்தார். தயங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் வீட்டைத் தாண்டி அந்தக் குரலை அவர் யாருக்கும் கேட்க விட்டதில்லை. பிறகு பேசினார். கரகரவென்று, சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கி: ஆற்றுப்பாலம், நான்காவது மேடை, நாலு நாற்பது. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும்.

யாரோ சிரித்தார்கள். பழக்கடைக்காரர் காதைக் குடைந்துகொண்டார். கடுகு கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். கம்பத்தின் கீழே போய் அண்ணாந்து நின்றாள். மேலே அந்தக் கரகரப்பு முடிகிற வரையில் கேட்டாள். வண்டி புறப்பட்டது. அவள் ஏறவில்லை. திரும்பினாள். ஓடி வந்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவரைப் பார்த்து, மூச்சிரைக்கச் சொன்னாள்:

“அம்மா, கேக்குது.”

அன்பர்களே, துண்டுச் சீட்டு எழுதிய நண்பரே, உங்களுக்குப் பட்டியல் வேண்டுமா? தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். இந்த அறையின் அலமாரிகளில் வயது எழுதியிருக்கிறது, பாருங்கள். பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறங்கள். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். நடுவில்தான் எல்லாம் நடக்கிறது. ரத்தம் இருக்கிறதா என்று தேடுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன், போன மாதம் நம் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களையே கேளுங்கள். யார் போனார்கள், யார் வந்தார்கள், எதைப் பிள்ளையிடம் சொல்லாமல் விட்டோம்? அடுத்த வீட்டுக் குழந்தை சிரித்துக்கொண்டே தூங்கிப்போகும் கதை, உங்கள் குழந்தையைப் பேருந்துப் படிவரை நடத்திப் போகலாம்.

தரக் கூடாத புத்தகம் உண்டா? உண்டு. ஒருநாளும் இல்லை என்று சொல்ல மாட்டேன். தராதீர்கள். தராததைச் சொல்லிவிட்டுத் தராதீர்கள். பிள்ளை கேட்டால் காரணம் சொல்லுங்கள். படித்த பிள்ளை திடீரென்று ஒழுங்காகிவிட்டால், அமைதியாகிவிட்டால், மரியாதை கூடிவிட்டால், என்னைப் போலப் பாராட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பயந்த பிள்ளைக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் பயம் ஒரு கதை. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அதுவே ஒரு வீடு. பிள்ளை அதற்குள் குடியேறிவிடும். கதவையும் உள்ளேயிருந்து சாத்திக்கொள்ளும்.

அந்த வருடம் நானும் நூலகப் பொறுப்பாளரும் உட்கார்ந்து, ஒட்டிய புத்தகங்களையெல்லாம் ஆவியில் காட்டிப் பிரித்தோம். சில திறந்தன. சில கிழிந்தன. சில இன்றுவரை திறக்கவில்லை. அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவற்றைப் படித்த பிள்ளைகள் வளர்ந்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்றுவிட்டார்கள். அவர்களில் யாராவது இந்த அரங்கில் உட்கார்ந்திருந்தால், நான் இங்கேதான் இருக்கிறேன். விழா முடிந்ததும் வாருங்கள். என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் அதற்குள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ள என்னால் முடியும்.

மணி அடிக்கும் முன்பே பேச்சை முடிக்கும் பழக்கம் ஓர் ஆசிரியைக்கு அரிது, இன்று முடிக்கிறேன். இடம் கொடுத்த நூலகத்துக்கும், செவி கொடுத்த உங்களுக்கும், நடுவில் எழுந்து அம்மாவின் மடிக்கு மாறிய அந்தச் சின்னப் பெண்ணுக்கும் என் நன்றி. அங்கே அவள் அம்மாவின் காதில் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பதில் கிடைக்கும்வரை யாரும் கை தட்ட வேண்டாம். வணக்கம்.